ஜன்னல் அக்காவும் இரண்டு கேமராக்களும்

அறைக்குள் நுழைந்ததும் அவர் கட்டிலில் படுத்திருப்பவரைப் பார்ப்பதில்லை. நேரே ஜன்னலுக்குப் போவார். திரைச்சீலையை ஒரு சாண் விலக்குவார், புறங்கையை வெளிச்சத்தில் நீட்டி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பார், மறுபடி அரைச் சாண் மூடுவார். அதற்குப் பிறகுதான் கட்டில் பக்கம் திரும்பி, "வணக்கங்க, படம் எடுக்க வந்திருக்கேன். நீங்க பாட்டுக்கு இருங்க" என்பார். அந்த மருத்துவமனையின் ஆறாவது மாடியில் செவிலியர் எல்லாருக்கும் அவர் ஜன்னல் அக்கா.

ஆறாவது மாடி, இனி மருந்தால் ஆவது ஒன்றுமில்லை என்று ஆனவர்கள் வலியில்லாமல் இருப்பதற்கான இடம். குடும்பத்தோடு கடைசியாக ஒரு நல்ல படம் வேண்டும் என்று கேட்பவர்களுக்காக மருத்துவமனையே அவரை அமர்த்தியிருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் வேலை, பதினோரு வருடமாக. அதற்கு முன்னால் கல்யாண வீடுகளில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். "அங்க நான் ஒண்ணு தவறவிட்டா வீடியோக்காரர் பிடிச்சிருப்பார். இங்க விட்டா விட்டதுதான்" என்பார்.

ஐம்பத்து நான்கு வயது. காலில் சத்தம் வராத ரப்பர் செருப்பு. கையில் கடிகாரம் கட்டுவதில்லை. அந்த அறைகளில் வெளியாள் ஒருவர் மணி பார்த்தால் படுத்திருப்பவர் மனசு என்ன பாடுபடும் என்று கேட்பார். ஒன்று, இரண்டு என்று எண்ணி இரண்டிலேயே அழுத்திவிடுவார். "மூணு வரைக்கும் விட்டா முகம் தயாராயிடும். தயாரான முகத்தை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்று காரணமும் சொல்வார். பேச்சில் ஆளை வெல்ல முடியாது.

சென்ற மாதம் அவருடைய கேமரா மக்கர் பண்ணி, பழுது பார்க்கும் கடையிலும் கையை விரித்துவிட்டார்கள். எட்டு வருடம் அவர் தோளிலேயே கிடந்த கேமரா அது. பழைய கேமராக்களை வாங்கி விற்கும் கடைக்காரர் இரண்டை எடுத்து மேஜையில் வைத்தார்.

"ஒண்ணு உங்க மாடலேதான் அக்கா, அதிகம் ஓடாதது. இன்னொண்ணு இப்ப வந்திருக்கிறது. முகத்துக்கு நேரா நீட்டினாப் போதும், கண்ணை அதுவே தேடிப் பிடிச்சுக்கும். மூணு நாள் வீட்டுல வச்சுப் பார்த்துட்டுச் சொல்லுங்க."

"கண்ணைத் தேடிக் கொடுக்க மெஷின் எதுக்குப்பா? எனக்குன்னு ரெண்டு இருக்கே" என்று சொல்லிவிட்டுத்தான் இரண்டையும் பையில் போட்டுக்கொண்டார்.

பழைய மாடலில் பார்வைத் துளைக்குள் ஒரு குட்டிப் பச்சைக் கட்டம் தெரியும். அதைக் கட்டைவிரலால் நகர்த்தி எதிரில் இருப்பவரின் கண்ணில் கொண்டுபோய் வைக்க வேண்டும். கட்டம் உட்காரும் இடம் படத்தில் கூர்மையாக விழும், மற்றதெல்லாம் மெல்ல மங்கும். இந்தக் கட்டைவிரல் வேலைதான் அக்காவின் பெருமை. இருட்டில்கூடச் செய்வேன் என்பார்.

கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். காலை ஷிப்ட் முடிந்து மதியம் வீடு வந்தவரை, காக்கிச் சட்டையைக்கூட மாற்ற விடாமல் ஜன்னலோர நாற்காலியில் உட்கார வைத்தார்.

"ஒரு வாய் சாப்பிட்டுட்டு வந்துடறேனே."

"சாப்பிட்டா மூஞ்சியில தூக்கம் வந்துடும். உட்காருங்க."

லென்ஸ் ஒன்றே ஒன்று. அதையே மாற்றி மாற்றி மாட்டினார். புதியதில் அந்தக் கண் தேடும் வித்தையை முதலில் அணைத்து வைத்தார். "போட்டின்னா சமமா இருக்கணும்ல?" பழையதில் இருபது, புதியதில் இருபது. பழையது கைக்கு லேசாக இருந்தது, பொத்தான்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. புதியது கொஞ்சம் கனம். எதைத் தொட்டாலும் ஒரு பட்டியல் வந்து நின்றது. பசியில் கணவர் நெளியத் தொடங்கியபோது, போகிற போக்கில் வித்தையை முடுக்கிவிட்டு ஐந்து எடுத்தார்.

கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால், பழையதில் எடுத்த இருபதிலும் கணவரின் காது அற்புதமாக விழுந்திருந்தது. காது மடலின் முடியை எண்ணிவிடலாம். கண் மட்டும் தண்ணீர் பட்ட எழுத்து போலக் கலங்கியிருந்தது.

"கீழ போட்டு உடைச்ச பெட்டியை என் தலையில கட்டப் பார்த்திருக்கார்" என்று கடைக்காரரை வைதார். புதியதைத் திறந்தார். அங்கும் முதல் இருபதிலும் காதுதான். இரண்டு கேமராவுக்கும் ஒரே கோளாறு எப்படி வரும்? அப்படியானால் லென்ஸில்தான் கோளாறு என்றார். ஆனால் கடைசியாக எடுத்த ஐந்து படங்களும் அதே லென்ஸில் எடுத்தவைதானே. அவற்றில் கணவரின் இமை முடி ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது.

கல்லூரிக்குப் போகும் மகளைக் கூப்பிட்டார். அவள் கைப்பேசி தவிர வேறு எதிலும் படம் எடுத்தவள் இல்லை. "பழசை எடு. அந்தக் கட்டத்தை அப்பா கண்ணுல வச்சு அழுத்து, அவ்வளவுதான்." அவள் கொட்டாவி விட்டுக்கொண்டே மூன்று எடுத்தாள். மூன்றிலும் கண் கண்ணாடி போல இருந்தது.

"கேமரா நல்லாத்தானே இருக்கு, என்னம்மா பிரச்சினை?"

அக்கா தன் படத்தையும் மகளின் படத்தையும் மாற்றி மாற்றித் திறந்துகொண்டிருந்தார். அதைப் பார்த்து, அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்த கணவர் தட்டை வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"நீ எந்தக் கண்ணை வச்சு எடுப்பே?"

"வலது கண்ணுதான். எப்பவும்."

"எங்க டிப்போவுல வருஷா வருஷம் ஒரு கண்ணைப் பொத்திட்டுப் போர்டைப் படிக்கச் சொல்லுவாங்க. நீ இடது கண்ணைப் பொத்திக்க. என்னைப் பாரு."

பொத்திக்கொண்டார். வெகு நேரம் பார்த்தார்.

"என்ன தெரியுது?"

"உங்க காது தெரியுதுங்க."

"மூஞ்சி?"

"மூஞ்சி இருக்கிற இடத்துல புகை மாதிரி ஏதோ இருக்குங்க."

இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது இடது கண் அத்தனை பாரத்தையும் சுமந்துகொண்டு வந்திருக்கிறது. நான்கைந்து மாதமாகக் கதவு நிலை சற்றே வளைந்து தெரிந்ததை, கண்ணாடி மாற்றினால் சரியாகிவிடும் என்று அவர் தள்ளிப்போட்டிருந்தார். கண் வைக்க வேண்டிய இடத்தில் புகையைக் கண்டு, தெளிவாகத் தெரிந்த காதில் கட்டைவிரல் தானாகவே போய்க் கட்டத்தை வைத்திருக்கிறது. கேமராவின் சின்னத் திரையில் எல்லாம் சரியாகவே தெரியும். பெரிதாக்கிப் பார்க்கும் பழக்கமும் இத்தனை வருட நம்பிக்கையில் விட்டுப்போயிருந்தது.

உடனே அவருக்குத் தன் கண்ணைப் பற்றிய நினைப்பு வரவில்லை. ஆறாவது மாடி நினைப்புதான் வந்தது. கடந்த ஐந்து மாதத்துப் படங்களைத் திறந்து பின்னோக்கிப் போனார். காது, தலையணைத் தையல், யாரோ ஒருவருடைய சட்டைக் காலர். தச்சர் ஒருவரின் படங்களில் வந்து நின்றார். முப்பது வயதுக்காரர். மனைவிக்கு அப்போது ஏழாவது மாதம். "பிறக்கப்போற பிள்ளையை நான் நேரா பார்க்கிற மாதிரி எடுத்துடுங்கக்கா" என்று கேட்டிருந்தார். ஒவ்வொரு படத்துக்கும் தலையைத் தூக்கிப் பிடித்து, கழுத்து நடுங்க நடுங்கப் பார்த்தார். முப்பத்தொரு படம். ஒன்றில்கூட அந்தக் கண் தெளிவாக இல்லை. ஒன்பதாவது நாள் அவர் போய்விட்டார்.

அக்கா அழுதார். மகள் பயந்துபோய் அறைக்கு வெளியே நின்றாள். "அந்தப் பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

கண் மருத்துவர், விழித்திரையின் நடுப்பகுதி சிதைந்திருக்கிறது என்றார். ஊசி போட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம், போனது திரும்பும் என்று சொல்ல முடியாது. இடது கண்ணில் இப்போதைக்குப் பயமில்லை. திரும்பும் வழியில் கணவர், "வேலையை விட்டுடப் போறியா?" என்று கேட்டார். "தெரியலைங்க" என்றார் அக்கா.

அன்று மாலை பழைய கேமராவைக் கையில் எடுத்து, சக்கரத்தைத் திருகித் திருகிப் பார்த்தார். கட்டைவிரலுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அதை உறையில் போட்டு மூடிவிட்டுக் கடைக்காரருக்குப் போன் செய்தார்.

"புதுசையே வச்சுக்கிறேன்பா."

"மெஷின் எதுக்குன்னு கேட்டீங்களேக்கா?"

"தெரியாம கேட்டுட்டேன்" என்றார்.

தலைமைச் செவிலியிடம் எதையும் மறைக்கவில்லை. தச்சர் படத்தையும் காட்டினார். "நான் இனிமே வரலாமா வேண்டாமான்னு நீங்கதான் சொல்லணும்." தலைமைச் செவிலி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "திங்கட்கிழமை மூணாம் நம்பர் அறையில கேட்டிருக்காங்க. வந்துடுங்க" என்றார்.

தச்சரின் மனைவியிடம் மட்டும் சொல்லவில்லை. அவள் அந்தப் படங்களில் ஒன்றைப் பெரிதாக்கித் தொட்டிலுக்கு எதிரே மாட்டியிருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தார். இரண்டு முறை எண்ணைத் தேடி எடுத்து, இரண்டு முறையும் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். செய்தது சரியா தப்பா என்று அவருக்கு இன்றைக்கும் தெரியாது.

திங்கட்கிழமை மூன்றாம் அறையில் இருந்தவர் அறுபது வயது அம்மாள், வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கத்தில் அவருடைய தங்கை. அக்கா வழக்கப்படி வலது கண்ணுக்குக் கேமராவைக் கொண்டுபோய், பாதி வழியில் நிறுத்தி, இடது கண்ணுக்கு மாற்றினார். மூக்கு பின்பக்கத்துத் தொடுதிரையில் இடித்தது. அதை விரல் தொட்டதாக எடுத்துக்கொண்டு, கட்டம் அம்மாளின் முகத்திலிருந்து தலையணைக்கு ஓடியது. கேமராவை இறக்கி, தொடுதிரையை அணைத்துவிட்டு மறுபடி பார்த்தார். கட்டம் தானாக வந்து கண்ணில் உட்கார்ந்தது. எட்டு படம் எடுத்தார்.

"ஆச்சாங்க?" என்றார் அம்மாள்.

"இல்லைங்கம்மா. எனக்கு ஒரு கண்ணு சரியில்லை. உங்க கண்ணு தெளிவா விழுந்திருக்கான்னு நீங்களே பார்த்துச் சொல்லணும். இல்லேன்னா இப்பவே மறுபடி எடுக்கிறேன்."

முதல் படத்தைப் பெரிதாக்கினார். வாரைக் கழுத்திலிருந்து கழற்றிக் கேமராவை அந்த அம்மாளின் இரண்டு கையிலும் வைத்தார். அந்தக் கைகளுக்கு அது பாரம் என்று தெரிந்து, அடியில் தன் உள்ளங்கையையும் கொடுத்துத் தாங்கிக்கொண்டார்.