காலைக் கோடும் மாலைக் கோடும்

முதல் அறிகுறி ஒரு சட்டைக் கைதான். என் மகள் யாழினியின் முதல் பிறந்தநாளுக்கு ரோஸ் நிறத்தில் ஒரு கவுன் தைத்தேன். உடம்பு கச்சிதமாகச் சேர்ந்தது. கை மட்டும் விரல் நுனியைத் தாண்டித் தொங்கியது. பிரித்துச் சுருக்கினேன். இரண்டு மாதம் கழித்து இன்னொரு சட்டை தைத்தேன். அதிலும் அதே கதை.

ஆலங்குடியில் பதினாறு வருடமாகப் பள்ளிச் சீருடை தைக்கிறவள் நான். ஒரு வயதுப் பிள்ளைக்குக் கை நீளம் எவ்வளவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். என் அளவு தப்பாது. அப்படியானால் தப்பியது எது என்று யோசிக்கவே பயமாக இருந்தது. தலை பெரிதாக இருப்பதைப் பார்த்தவர்கள் எல்லாம் "கலெக்டர் ஆவா பாருங்க" என்றார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

கடைசியில் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு எங்களைச் சென்னைக்கு அனுப்பினார்கள். அகோண்ட்ரோபிளேசியா (குருத்தெலும்பு நீண்ட எலும்பாக மாறுவதைத் தடுக்கும் மரபணு நிலை, கைகால் குட்டையாக இருக்கும், புத்திக்கு ஒரு குறையும் வராது) என்று அங்கேதான் சொன்னார்கள். என் கணவர் முருகேசன் கறம்பக்குடிக்கு மினிபஸ் ஓட்டுகிறவர். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட மருத்துவர் அவருக்கு ஏற்றபடி சொன்னார்.

"எலும்பு வளர்றதுக்கு ஒரு பிரேக் இருக்குங்க. நமக்கெல்லாம் அப்பப்பப் பிடிச்சு விடும். இவளுக்குப் பிடிச்சது பிடிச்சபடியே இருக்கு. உங்க ரெண்டு பேரு தப்பும் இதுல இல்ல. கருவுலயே தானா வந்த மாற்றம்."

ஊர் வரும்வரை என் கணவர் பிரேக்கை மிதிக்கிற வலது காலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டே வந்தார்.

எனக்கோ வேறொரு நினைப்பு. எங்கள் ஊர்ப் பக்கம், படுத்திருக்கும் பிள்ளையைத் தாண்ட மாட்டோம். தாண்டினால் பிள்ளை வளராது என்பார்கள். தெரியாமல் தாண்டிவிட்டால், உடனே எதிர்ப்பக்கமாகத் திரும்பித் தாண்டி அந்தத் தோஷத்தை எடுத்துவிட வேண்டும். யாழினி எட்டு மாதக் குழந்தையாகத் தையல் அறையில் துணிகளுக்கு நடுவே தூங்கிக்கொண்டிருந்தபோது, வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். அவசரத்தில் அவளைத் தாண்டிப் போனேன். திரும்பி வரும்போது சுற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

கருவிலேயே வந்தது என்று மருத்துவர் சொல்லியாயிற்று. எனக்குப் புரியவும் செய்தது. ஆனால் பாவி மனசு கேட்டால்தானே!

யாழினிக்கு ஆறு வயது நடந்தபோது அதே மருத்துவமனையில் ஓர் ஆராய்ச்சித் திட்டத்தில் (புதிய மருந்து பயன் தருகிறதா, பாதுகாப்பானதா என்று பார்க்கும் முறை) சேர்த்தோம். அந்தப் பிரேக்கின் மேலிருக்கும் காலைக் கொஞ்சம் தூக்கிவிடும் மருந்து. தினமும் ஓர் ஊசி, தோலுக்கு அடியில். எலும்பு நுனியின் வளர்ச்சித் தட்டு (நீளம் கூடும் குருத்தெலும்புப் பகுதி) மூடும்வரைதான் அது வேலை செய்யும். "இது அவளை உங்க உயரத்துக்குக் கொண்டுவராதும்மா. வருசத்துக்கு ஒரு விரக்கடை கூடக் கெடைச்சா நல்லது" என்று மருத்துவர் முதலிலேயே சொல்லிவிட்டார். ஒரு விரற்கடை போதும் எனக்கு. பள்ளிக் கழிவறைத் தாழ்ப்பாள் அவளுக்கு எட்டாது. ஒரு தோழியை வெளியே காவல் நிறுத்திவிட்டுத்தான் உள்ளே போவாள். அதற்காகவே அவள் தண்ணீர் குடிக்காமல் இருந்தாள் என்று தெரிந்த அன்று நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. முதல் வருடம் சில பிள்ளைகளுக்கு மருந்து, சில பிள்ளைகளுக்கு மருந்தில்லாத வெறும் கரைசல். யாருக்கு எது என்று எங்களுக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. வருடம் முடிந்த பிறகு எல்லாருக்கும் மருந்து.

காலை ஏழு மணிக்கு இரண்டு இட்லி, ஒரு டம்ளர் தண்ணீர். ஊசிக்குப் பிறகு ரத்த அழுத்தம் இறங்கலாம் என்பதால் வெறும் வயிற்றில் போடக் கூடாது. பக்கத்து வீட்டிலிருக்கும் என் நாத்தனார் செல்வி வந்து கையைப் பிடித்துக்கொள்வாள். ஒரே இடத்தில் குத்தக் கூடாது என்பதால் யாழினி ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் ஊர்ப் பெயர் வைத்திருந்தாள். வலது தொடை ஆலங்குடி, இடது தொடை கறம்பக்குடி, வயிறு புதுக்கோட்டை. "இன்னைக்குக் கறம்பக்குடில எறங்குவோம்" என்பாள். நான் ஊசியை இறக்குவேன். இறக்கும்போதெல்லாம், வெறும் தண்ணீரைத்தான் குத்துகிறேனோ என்று கை ஒரு நொடி நிற்கும்.

வீட்டில் அளக்காதீர்கள், இங்கே வரும்போது நாங்கள் அளப்போம் என்று சொல்லியிருந்தார்கள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியாக, தையல் அறைக் கதவின் பின்புறம் அவளை நிற்க வைத்துத் தலைமேல் நோட்டை வைத்து, துணிக்கு அடையாளம் போடும் சாக்பீஸால் கோடு போட்டேன். அது ஒரு சனிக்கிழமைக் காலை. சாயங்காலம் விளையாடிவிட்டு வந்தவளை, ஆசை அடங்காமல் இன்னொரு முறை நிற்க வைத்தேன்.

கோடு இறங்கியிருந்தது.

அரை விரற்கடை இருக்கும். மூன்று முறை அளந்தேன். குதிகாலைப் பார்த்தேன், முட்டியை அழுத்திப் பிடித்தேன். இறங்கித்தான் இருந்தது. மறுநாள் காலையில் பழைய இடத்துக்கே ஏறியிருந்தது. சாயங்காலம் மறுபடி இறங்கியது. ஒரு வாரம் இப்படியே. பகல் முழுக்க என் பிள்ளையை யாரோ கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு, விடிவதற்குள் திருப்பி வைத்துவிடுவது போல இருந்தது. ஒருநாள் வைக்க மறந்துவிட்டால்? யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை.

அடுத்த ஞாயிறு மத்தியானம் அவள் தையல் அறையில் பாயில் படுத்திருந்தாள். ஆறு வருடத்துக்கு முன்னால் எடுக்காமல் விட்டதை இப்போதாவது எடுத்துவிடுவோம் என்று, அன்று திரும்பி வந்திருக்க வேண்டிய திசையில் அவளைத் தாண்டினேன். ஒரு கால் இந்தப் பக்கம், ஒரு கால் அந்தப் பக்கம் இருக்கும்போது அவள் மூச்சு நின்றது.

இந்தப் பிள்ளைகளுக்கு மண்டையோட்டின் அடித்துளை குறுகலாக இருந்தால் தூக்கத்தில் மூச்சு தடைப்படலாம். அதற்கான பரிசோதனையெல்லாம் யாழினிக்குச் செய்து, பயமில்லை என்று சொல்லியிருந்தார்கள். அப்படியும் நின்றது. மற்றக் காலை எடுத்து வைத்ததும் மூச்சு வந்துவிட்டது. அடுத்த இரண்டு ஞாயிறும் அப்படியே. நான் தாண்டும் நேரம் மட்டும் நிற்கும், தாண்டியதும் வரும். டாக்டருக்கு உடனே போன் செய்திருக்க வேண்டும். என்னவென்று சொல்வேன்? நான் தாண்டும்போது மட்டும் என்றா? அந்த வாயில்லாத்தனத்தை இன்றும் நினைத்து நடுங்குகிறேன். இதே நிலையில் பிள்ளை வளர்க்கும் நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

நான்காவது ஞாயிறு எனக்கு முன்னால் என் கணவர் அந்த அறையில் இருந்தார். லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, திருடன் போல, அவளை மெதுவாகத் தாண்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்க செய்யிறீங்க?"

தூக்கிவாரிப் போட்டது அவருக்கு. "சும்மாதான்."

"சும்மா யாராச்சும் பிள்ளையத் தாண்டுவாங்களா?"

லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டார். "கைப்பிள்ளையா இருக்கயில ஒருநா தாண்டிட்டேன். வண்டிக்கு நேரமாச்சுன்னு அப்படியே ஓடிட்டேன். எடுக்கவே இல்ல. ஒன்கிட்டச் சொன்னா என்னய மன்னிப்பியான்னு தெரியல" என்றவர் உடைந்து அழுதார்.

"நானுந்தாங்க" என்றேன்.

அப்போது பாயிலிருந்து குரல் வந்தது. கண் மூடியே இருந்தது.

"அம்மா மூணு தடவ. அப்பா அஞ்சு தடவ. செல்வி அத்தை எப்ப வந்தாலும்."

"முழிச்சா இருந்த?" என்றேன்.

"ஆமா. மூச்சு விட்டாக் கண்டுபிடிச்சிருவீங்கன்னு அடக்கிக்குவேன்."

"ஏண்டி சொல்லல?"

"நீங்க பயந்துக்கிட்டே தாண்டுனீங்க. நான் பாத்துட்டேன்னு தெரிஞ்சா இன்னும் பயப்படுவீங்கல்ல?"

வெட்கத்தில் செத்தேன். அவளைக் காக்க என்று நாங்கள் செய்ததை, எங்களைக் காக்க என்று அவள் பொறுத்துக்கொண்டு கிடந்திருக்கிறாள்.

அடுத்த முறை சென்னைக்குப் போனபோது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மருத்துவர் சிரிக்கவில்லை. மூச்சுப் பரிசோதனையை இன்னொரு முறை செய்யச் சொன்னார், நன்றாகவே இருந்தது. கோட்டைப் பற்றிக் கேட்டதும் யாழினியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"முதுகெலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி தட்டு இருக்கும்மா. நாள் பூரா நிக்கிறதுல அமுங்கும். படுத்தா மறுபடி உப்பும். உங்களுக்கு, எனக்கு, எல்லாருக்கும் அப்படித்தான். அதனாலதான் வீட்டுல அளக்காதீங்கன்னு சொன்னோம். நாங்க எப்பவும் ஒரே நேரத்துலதான் அளப்போம்."

"அம்மாவும் சாயங்காலம் கொறைவாங்களா?" என்று யாழினி கேட்டாள்.

"கண்டிப்பா."

அவள் என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

இப்போது இரண்டாம் வருடம். ஊசியில் இருப்பது மருந்துதான் என்று தெரியும். போன வருடம் என்ன இருந்தது என்று இன்றுவரை தெரியாது. அவளுடைய மாலைக் கோடு போன வருடக் காலைக் கோட்டுக்கு மேலே வந்துவிட்டது. மருந்தில்லாமலும் கொஞ்சம் வளர்ந்திருப்பாள், அவசரப்பட்டு முடிவுக்கு வராதீர்கள் என்கிறார் மருத்துவர். சரி. கழிவறைத் தாழ்ப்பாள் நுனிக்காலில் எட்டுகிறது. யாழினி இப்போது தண்ணீர் குடிக்கிறாள். உங்கள் பிள்ளையையும் யாராவது ஒருநாள் தாண்டியிருப்பார்கள். அதனால் வந்ததில்லை இது. உங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரியாதீர்கள், வீட்டில் பேசிவிடுங்கள்.

மருத்துவர் கோட்டைப் பற்றிச் சொன்ன அந்த முறை, சென்னையிலிருந்து வந்த மறுநாளே நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். காலையில் யாழினி என்னைக் கதவில் நிற்க வைத்து, ஸ்டூலில் ஏறி, என் தலைக்குமேல் கோடு போட்டாள். மத்தியானம் பாயைக் காட்டி "படும்மா" என்றாள். படுத்தேன். ஒரே எட்டில் அவளால் முடியாது. என் வயிற்றில் கையை ஊன்றி, ஒரு காலை அங்கிட்டு வைத்து, மற்றதை மெதுவாக இழுத்துக்கொண்டாள். அதுவரை நான் மூச்சு விடவில்லை.

"திரும்பித் தாண்டுடி" என்றேன்.

"மாட்டேன். நீ இனிமே வளரக் கூடாது. நான் மெதுவாத்தான் வருவேன்."

என் உயரத்துக்கு வரமாட்டாள் என்று மருத்துவர் சொன்னது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

சாயங்காலம் என்னை மறுபடி கதவில் நிற்க வைத்தாள். என் கோடு அரை விரற்கடை இறங்கியிருந்தது. அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள். "பலிச்சிருச்சு" என்றாள். காரணம் தெரிந்த எனக்கே உடம்பு சிலிர்த்தது. அன்றிலிருந்து பொழுது சாயும் நேரத்தில் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவர்களைப் பார்த்தால், எல்லாரும் காலையில் இருந்ததைவிடக் கொஞ்சம் இறங்கி நிற்பது என் கண்ணுக்குத் தெரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் இப்போது அந்தப் பாயில் படுத்துக்கொள்கிறேன். யாழினியின் காலடிச் சத்தம் கேட்டதும் கண்ணை மூடி, மூச்சை அடக்கிக்கொள்கிறேன். அவள் தாண்டுகிறாள். திரும்பித் தாண்டுவதில்லை.