அத்தாயியின் புருவம்

மலைமேல் ஆலத்தூர் நாட்டிலிருந்த அத்தாயிக்குப் பெருவியாதி வந்தபோது முப்பது வயதுகூட ஆகவில்லை. அப்போது மலைக்கு ரோடு கிடையாது. கணவன் ராசப்பன் அவளை அடிவாரத்துக் காரவள்ளிவரை நடத்தியே இறக்கி, பஸ் ஏற்றி, சமவெளியிலிருந்த தொழுநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தான். மாத்திரை வேலை செய்தது. சில வருசங்களில் உடம்பிலிருந்த தேமல் மங்கியது. இனி யாருக்கும் ஒட்டாது, ஊருக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆனால் நோய் அவளுடைய இரண்டு புருவத்தையும் கொண்டுபோயிருந்தது. புருவமில்லாத முகத்தைப் பார்த்தால் ஊருக்கு வேறு சாட்சி வேண்டாம். காரவள்ளி டீக்கடைக்காரர் கொட்டாங்குச்சியில் டீயை ஊற்றித் தள்ளி வைத்தார். மலையில், பக்கத்து வீட்டிலிருந்த நாத்தனார் குப்பாயி, அத்தாயி தண்ணீர் மொண்ட இடத்தில் குடத்தை வைக்கவே மாட்டாள். ராசப்பன் அக்காவோடு சண்டைக்குப் போனான். அத்தாயிதான் தடுத்தாள். சாமை அறுப்பு முடிந்ததும் மலையிறங்கி ஆஸ்பத்திரிக்கே திரும்பிப் போனாள்.

“ஏனுங்க டாக்டருங்க, நோயி போயிருச்சுன்னு நீங்க சொல்றீங்க. ஊருல யாருங்க நம்புறாங்க? எம்பட மூஞ்சியப் பாத்தாலே ஒதுங்கறாங்க.”

டாக்டர் அவள் தலைமுடியை விலக்கிப் பார்த்தார். அடர்த்தியான முடி. காதுக்குப் பின்னாலிருந்து முடியோடு தோலைக் கீற்றாக எடுத்து, கண்ணுக்கு மேலே வைத்துத் தைக்கலாம் என்றார்.

“அங்கே பிடிச்சுக்கணும். அதுதான் முக்கியம்.”

“நாத்தப் புடுங்கி நட்டாப் புடிக்கலீங்களா? வெய்யுங்க” என்றாள் அத்தாயி.

முகம் வீங்கிச் சில நாள் கண் திறக்க முடியவில்லை. கட்டைப் பிரித்தபோது, கறுத்த பொருக்குக்கு நடுவே முடி நின்றது. கண்ணாடியைக் கீழே வைக்க மனமில்லை அவளுக்கு. சில வாரம் கழித்து முகம் துடைத்தபோது அந்த முடியெல்லாம் துண்டோடு வந்துவிட்டது. அத்தாயி சாப்பிடாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நர்ஸ் ராசாமணி கட்டிலில் உட்கார்ந்தாள். “உதுந்தது முடி மட்டுந்தான் அத்தாயி. வேரு உள்ள உசுரோட இருக்குது. உதுந்துதான் மறுபடி வரும்.”

“என்னைத் தேத்தறதுக்குச் சொல்றீங்க.”

“அப்ப நம்பாத. சோத்தையாவது தின்னு.”

மழைக்காலமும் வந்துவிட்டது. ஒருநாள் காலை நெற்றியில் எண்ணெய் தேய்க்கையில் விரலில் சொரசொரவென்று ஏதோ குத்தியது. அத்தாயி போட்ட கூச்சலில் வார்டே ஓடி வந்தது. ஆளாளுக்குத் தடவிப் பார்த்தார்கள்.

தலைமுடி அல்லவா, புருவத்தின் அளவோடு நிற்கவில்லை, வளர்ந்துகொண்டே போனது. அவ்வப்போது வெட்டிவிட வேண்டும் என்று ராசாமணி கத்தரியோடு வந்தாள்.

“இப்ப வேண்டாங்க. வெட்டுனா மையின்னு சொல்லிப்போடுவாங்க.”

வெட்டாமலே ஊர் திரும்பியும், அவள் பயந்தபடியேதான் நடந்தது. ஊர் ஊற்றில் பெண்கள் கூடியிருந்தபோது, குப்பாயி தள்ளி நின்றே சொன்னாள்: “நல்லா மையத் தீட்டிக்கிட்டு வந்திருக்கறா.”

அத்தாயி குனிந்து ஊற்றுத் தண்ணீரை வாரி முகத்தில் அடித்து, முந்தானையால் அழுத்தித் தேய்த்தாள். ஈரமுடி கண்ணுக்கு மேல் படிந்து நின்றது. நேராக நாத்தனாரிடம் போனாள்.

“இழுத்துப் பாருங்க நங்கையா.”

குப்பாயி தயங்கினாள். பிறகு இரண்டு விரலால் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். அத்தாயி “ஆ” என்று அலறினாள். வலியில் கண்ணீர் வந்தது, கூடவே சிரிப்பும். குப்பாயி கையை எடுக்கவில்லை. மறு புருவத்தையும் மெல்லத் தடவினாள்.

“நெசந்தான் புள்ள. வேரோட இருக்குது.”

அப்புறம் ஒவ்வொருத்தியாக வந்து இழுத்தார்கள். மலையில் ராசப்பனைத் தவிர வேறு யார் கையும் அவள்மேல் பட்டு வருசக்கணக்காகிவிட்டது. எல்லோருக்கும் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

“மெதுவா, மெதுவா! புடுங்கிப் போடாதீங்க!”

வளர்ந்த புருவத்தை ராசப்பன்தான் முதலில் வெட்டிவிட்டான். ஒரு பக்கம் கோணலாகிவிட்டது. அத்தாயி அந்தக் கோணலோடேயே சந்தைக்குப் போய் வந்தாள்.

சேதி கேட்டு, மலையின் இன்னொரு நாடான பெரக்கரையிலிருந்து பொன்னன் என்பவர் அவளைத் தேடி வந்தார். துண்டைக் கண்வரை இழுத்துக் கட்டியிருந்தார். அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு கிளம்பினாள் அத்தாயி. பாதையில் அவர் பின்தங்கிக்கொண்டே வந்தார்.

“நீங்க முன்னால போங்க. நான் தள்ளி வாரனுங்க.”

“தள்ளி என்னத்துக்கு வரோணும்? பக்கத்துல வாங்க, பேசிக்கிட்டே போலாம்.”

பாதை ஒடுங்கிய இடங்களிலும் இருவரும் தோள் இடிக்கத்தான் இறங்கினார்கள்.