ஈசானிய மூலைப் பள்ளம்

போன ஐப்பசி மழையில் நடந்தது இது. திருவெறும்பூரைத் தாண்டி, மேட்டு நிலத்தில் பிரித்த மனையில்தான் எங்கள் வீடு. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். எதற்கெடுத்தாலும் பயம் வேறு. கேஸை அணைத்தேனா என்று பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பி வந்திருக்கிறேன்.

பக்கத்து மனைக்காரர் பாலக்கரையில் வாடகைக்கு இருந்தவர். ஓய்வு பெற்ற கையோடு வீடு கட்ட வந்தார். ஈசானிய மூலை தாழ்ந்திருக்க வேண்டும் என்று வாஸ்து பார்த்தவர் சொல்லிவிட்டாராம். அந்த மூலை எங்கள் சமையலறைச் சுவரை ஒட்டி இருந்தது. ஒரே காலையில் ஜேசிபி அங்கே ஆள் உயரத்துக்கும் மேல் நேராக வெட்டித் தள்ளியது. எங்கள் அஸ்திவாரக் கருங்கல் வெளியே தெரிந்தது.

“அண்ணே, இதுக்கெல்லாம் அனுமதி வாங்கணும்ல?”

“என் மனையில மண்ணு வெட்ட நான் யாரைம்மா கேக்கணும்? செம்மண்ணு, பாறையாட்டம் நிக்கும். போய் அடுப்பைப் பாரு.”

என் வீட்டுக்காரரும் சேர்ந்து சிரித்தார். “இவளுக்குப் பல்லி விழுந்தாலே பூகம்பம்தாங்க.”

மனசு கேட்கவில்லை. ஊராட்சி அலுவலகத்தில் போய்ச் சொன்னேன். ஆட்கள் வந்து பார்த்து வேலையை நிறுத்தினார்கள். அனுமதி இல்லாமல் இனி ஒரு கூடை மண் எடுக்கக் கூடாது, வெட்டிய ஓரத்துக்கு உடனே தடுப்புச் சுவர் கட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் கட்டவில்லை. பள்ளம் அப்படியே கிடந்தது. என்னைத் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. விடாமல் பெய்து, ஒரு மதியம் கொஞ்சம் வெறித்தது. கொல்லைப்பக்கம் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். சமையலறைச் சுவரை ஒட்டித் தரையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. காலையில் அது இல்லை. தெருப்பக்கம் ஓடி எட்டிப் பார்த்தால், பள்ளத்துக்குள் அவர் பக்கெட்டால் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கிறார்!

“அண்ணே, மேல வாங்க! மண்ணு விட்டுருச்சு!”

“வேலையத்தான் நிறுத்திட்ட. தண்ணி எறைக்கவும் விடமாட்டியா?”

நான் கத்துவதை நிறுத்தவில்லை. கோபம் தலைக்கேறி, பக்கெட்டை வீசிவிட்டு, ஜேசிபி இறங்கிய சரிவு வழியாக என்னோடு சண்டை போடவே ஏறி வந்தார்.

“உனக்கு என்னதாம்மா வேணும்?”

அவர் முதுகுக்குப் பின்னால் எங்கள் சமையலறைச் சுவர், மண்ணோடு மண்ணாகப் பள்ளத்தில் உட்கார்ந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. என் அஞ்சறைப்பெட்டியும் குக்கரும் உருண்டு போயின. நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை. அவர் தண்ணீர் இறைத்த இடமும் மண்ணுக்கடியில் போயிருந்தது.

திரும்பிப் பார்த்தவர் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். “தங்கச்சி... தங்கச்சி...” என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்கள் சுவரை அவரே கட்டிக் கொடுத்தார். தடுப்புச் சுவர் எழுப்பி, அனுமதி வாங்கிய பிறகுதான் தன் வீட்டைத் தொடங்கினார். ஆனாலும் அந்த மதியம் என்னை விடவில்லை. அதுவரை என் சுவர் என்னாகுமோ என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். அந்தக் கட்டுப்பாடெல்லாம் பள்ளத்தில் நிற்கிறவர் உயிருக்கும் சேர்த்துத்தான் என்பது, அவர் ஏறி வந்து என் முன்னால் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.