அஜீஸ் ராவுத்தரின் ரிவால்வர்

உத்தமபாளையத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருந்த அப்துல் அஜீஸ் ராவுத்தரிடம் அவருடைய அத்தா விட்டுப்போன ரிவால்வர் ஒன்று இருந்தது. ஒவ்வொரு தடவை சுடும்போதும், குண்டுக்குப் பின்னால் நிற்கிற குதிரை என்கிற சின்னச் சுத்தியலைப் பெருவிரலால் இழுத்து வைத்தால்தான் விசை வேலை செய்யும். விசையை அழுத்தினாலே வெடிக்கிற ரகத்துக்கு மாறிக்கொள்ளச் சொல்லி மதுரைக் கடைக்காரர் எத்தனையோ தடவை பேசிப் பார்த்தார். ராவுத்தர் கேட்கவில்லை. குதிரையை இழுக்கிற அந்த நொடியில் மனுஷன் மனசு மாறலாம், அது அல்லாஹ் கொடுக்கிற அவகாசம் என்பார். இழுக்கும்போது அது டிக், டிக் என்று நாலு தரம் பேசும். மனைவி சல்மா கேலி பண்ணுவாள்.

"நான் சொன்னா காது கேக்காது. அது சொன்னா மட்டும் தலைய ஆட்டிக் கேக்குறாக."

ஆறு அறையில் ஐந்தில்தான் குண்டு இருக்கும். குதிரைக்கு நேரே உள்ள அறை காலியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கீழே விழுந்தாலே வெடித்துவிடும். ஒன்று போடு, ஒன்று விடு, நாலு போடு. அதுதான் அத்தா சொன்ன கணக்கு.

2001 தேர்தலுக்கு, துப்பாக்கி வைத்திருந்த எல்லோரையும் போல அதை ஸ்டேஷனில் ஒப்படைத்து, பிறகு வாங்கி வந்தார். சாயங்காலம் முதல் குண்டைப் போட்டதும் மஃரிபுக்குப் பாங்கு சொன்னார்கள். அப்படியே வைத்துவிட்டுத் தொழப் போனார். வந்து, விட்ட இடம் தெரியாமல் இன்னொன்றைப் போட்டார். ஒன்று விட்டு, மூன்று போட்டார். ஐந்து போட்டாயிற்று என்று மூடினார். காலி அறை ஓர் இடம் தள்ளி, குதிரையை இழுத்ததும் முதலில் சுட வருகிற இடத்துக்குப் போனதை அவர் பார்க்கவில்லை.

அந்த வாரம் வெறிநாய் ஒன்று தோட்டப் பக்கம் திரிந்தது. ராவுத்தர் ரிவால்வரை இடுப்பு பெல்ட்டில் சொருகிக்கொண்டு போனார். பந்தலுக்கு அடியில், தோட்டத்தில் கூலி வேலை பார்த்த சங்கிலியம்மாள் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தாள். நாய் வேலிக்குள் நுழைந்து அவளை நோக்கி ஓடியது. சுடத் தோதான தூரம், தப்பாத குறி. குதிரையை இழுத்து அழுத்தினார். டக் என்றது, அவ்வளவுதான். மறுபடி இழுக்கையில் வேர்வையில் விரல் வழுக்கியது. அதற்குள் நாய் அவள் கன்னத்தைக் கவ்விவிட்டது. அவள் உதறித் தள்ளிய பிறகுதான் அவரால் சுட முடிந்தது.

ஊசி எல்லாம் போட்டார்கள். ஆனால் முகத்துக் கடி, விஷம் சீக்கிரம் மூளைக்கு ஏறிவிடும். பத்தொன்பதாம் நாள் தண்ணீரைக் கண்டு அலறினாள். மறுநாள் இறந்துபோனாள்.

குண்டு போட்ட கணக்குத் தப்பியது ரிவால்வரைத் திறந்து பார்த்த அன்றே ராவுத்தருக்குத் தெரிந்துவிட்டது. அதை அவள் புருஷன் சின்னக்கருப்பிடம் சொல்லிவிடத்தான் போனார். அவன் பேசவிடாமல் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ராவுத்தரய்யா அங்கன இருந்ததால சுட்டாக. இல்லாட்டி அது இன்னும் நாலு பேரக் கடிச்சிருக்கும். ஒங்களுக்கு ஆயுசுக்கும் கடமப்பட்டிருக்கேன்யா."

சுற்றி நின்றவர்களும் ஆமா என்றார்கள். ராவுத்தர் கையை விடுவித்துக்கொண்டு திரும்பிவிட்டார்.

ரிவால்வரை ஸ்டேஷனிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். தொழுகைக்குப் பிறகு வெகுநேரம் கையேந்தி உட்கார்ந்திருப்பார். மனுஷனுக்குச் செய்த தப்பை அந்த மனுஷன் பொறுத்தால்தான் அல்லாஹ்வும் பொறுப்பான் என்பது அவருக்குத் தெரியும். கேட்பதற்கு அவள் இல்லை.