மூணாவது மாடியில் சேறு

அன்றைக்கு அந்த ஹாலில் இருந்தவர்கள் இவர்கள். வீட்டுக்காரர் கோவிந்தராசு. அவர் சம்சாரம் சரோஜா அம்மா. எங்களுக்குப் பயிற்சி கொடுத்த ஜான்சன் அண்ணன். என்னோடு பயிற்சியில் இருந்த எபி. அப்புறம் நான். வேறு ஆள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏன் என்றால் கேட்கிறவர்கள் எல்லாரும் வேறு யாராவது ஒளிந்திருந்து செய்திருப்பார்கள் என்றுதான் சொல்கிறார்கள்.

ராத்திரியும் இல்லை. மத்தியானம். கரண்ட் இருந்தது, ஃபேன் ஓடியது, கீழே யாரோ கார் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக லுத்தரன் சபை. பக்கத்துத் தெருவில் பேயோட்டினால் எங்கள் ஆட்கள் வேடிக்கை பார்க்கக்கூடப் போக மாட்டார்கள். ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம். எட்டாவதோடு படிப்பை விட்டேன். நடவு மெஷின் ஓட்டினேன். எங்கள் சபைப் பாதிரியார், ஐயர் என்போம், அவர்தான் என்னைத் தஞ்சாவூருக்கு அனுப்பினார், நகர ஊழியப் பயிற்சிக்கு, வீடு வீடாகப் போய் ஜெபம் பண்ணுகிற வேலை. சாப்பாடும் தங்க இடமும் உண்டு என்றார். போனேன்.

அங்கே பாதிப் படிப்பு கதவு பற்றித்தான். டவுனில் கதவு திறக்க மாட்டார்கள். பெல்லை ஒரு தடவைதான் அடிக்க வேண்டும். அடித்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும், உள்ளே இருக்கிறவர்களுக்கு ஓட்டை வழியாக முகம் தெரிகிற மாதிரி. இரண்டு பேராகத்தான் போக வேண்டும். முதல் தடவை தண்ணீர் கேட்கக் கூடாது. என் ஜோடி எபி, சீர்காழிப் பையன், பி.காம். படித்தவன், வாய் நிற்காது. "கூரியர்காரன்னு நெனச்சாத்தான்டா நமக்குக் கதவத் தொறக்குறாங்க, ஒரு அட்டப்பெட்டி வாங்கிக் கையில வச்சுக்குவோமா" என்பான்.

இன்னொன்று சொல்ல வேண்டும், அதிலிருந்துதான் எல்லாம் வந்தது. ஒரு வீட்டில் ஊழியக்காரனை அவமானப்படுத்தி அனுப்பினால், அந்த வாசலில் காலில் ஒட்டின தூசியைத் தட்டிவிட்டு வருகிற வழக்கம் பழைய காலத்திலிருந்து உண்டு. இனி இந்த வீட்டுக்கும் எனக்கும் ஒன்றும் இல்லை, மேலே இருக்கிறவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று அர்த்தம். ஜான்சன் அண்ணன் ஆரம்பத்திலேயே சொன்னார்: "அத மட்டும் செய்யாதீங்க தம்பிங்களா. திட்டுனாலும் இந்த வீட்டுக்குச் சமாதானம்னு சொல்லிட்டு வாங்க. தூசியத் தட்டுனா தட்டுனதுதான். தட்டுனவனே திரும்பிப் போய்ச் சமாதானம் சொன்னாத்தான் தீரும்."

எபி கேட்டான்: "அண்ணே, டைல்ஸ் போட்ட வீட்ல தூசியே இல்லையே, எதத் தட்டுறது?"

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

என் அப்பா பேர் ஞானமுத்து. எங்கள் ஊர் மிராசு வயலில் வேலை பார்த்தார். நான் ஆறாவது படிக்கும்போது அந்த வயலின் மோட்டார் கொட்டகையில் கரண்ட் அடித்து இறந்தார். அந்த மோட்டாருக்கு ஈ.பி. சர்வீஸ் கிடையாது, கம்பத்தில் கொக்கி போட்டுத் திருட்டு கரண்டில் ஓடியது. அது வெளியே வந்தால் மிராசுக்குக் கேஸ். அதனால் மிராசு போலீஸில், ஞானமுத்து காப்பர் கம்பி திருட வந்தான், ஷாக் அடித்துச் செத்தான் என்று சொன்னார். போலீஸ் எழுதிக்கொண்டது. அதிலிருந்து ஊரில் எங்கள் வீட்டுக்குப் பேர் காப்பர் வீடு. என் தங்கையைப் பெண் பார்க்க வந்தவர்கள் டீக்கடையில் வழி கேட்டார்கள், காப்பர் வீடா என்று கடைக்காரர் திருப்பிக் கேட்டார், ஏன் அந்தப் பேர் என்று விசாரித்துக்கொண்டு அப்படியே பஸ் ஏறிப் போய்விட்டார்கள்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அப்பா திருடவில்லை என்று அந்த மனுசன் வாயால் சொல்ல வேண்டும். நான் வளர்ந்து போய்க் கேட்பதற்குள் அவர் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு ஊரைவிட்டே போய்விட்டார். எங்கே என்று தெரியாது.

தஞ்சாவூரில் மெடிக்கல் காலேஜ் ரோட்டுக்குப் பின்னால் ஒரு அபார்ட்மென்ட். மே மாதம். மூணாவது மாடிதான் கடைசி மாடி. பெல் அடித்தேன். தள்ளி நின்றேன். கதவைத் திறந்தது கோவிந்தராசு. எங்கள் ஊர் மிராசு.

நம்பினால் நம்புங்கள், தேடிப் போகவில்லை. அந்தத் தெரு எங்களுக்கு வந்தது, போனோம்.

எபி பேச ஆரம்பித்தான். அவர் அவனைப் பார்க்கவே இல்லை. என்னையே பார்த்தார்.

"எந்த ஊருடா நீ?"

சொன்னேன்.

"ஞானமுத்து மவனா? மொகரையப் பாத்தாலே தெரியுதே." உள்ளே திரும்பிச் சத்தம் போட்டார். "ஏ சரோஜா, வாசல்ல செருப்பெல்லாம் இருக்கான்னு பாத்துக்க. காப்பர் வீட்டுலேருந்து வந்திருக்காங்க."

எபிக்கு ஒன்றும் புரியவில்லை. "சார், நாங்க ஜெபம் பண்ண..." என்றான்.

நான் கேட்டேன், "எங்கப்பா திருட வரலன்னு உங்களுக்குத் தெரியும்ல. அத ஒரு தடவ சொல்லுங்க. போயிடுறேன்."

"அப்பன் கம்பிக்கு வந்தான். மவன் சாமி பேரச் சொல்லிக்கிட்டு வந்திருக்கான். போடா."

கதவை மூடிவிட்டார். சங்கிலி போடுகிற சத்தம் கேட்டது.

செருப்பை வெளியே கழற்றியிருந்தேன். எடுத்தேன். அவர் வாசற்படியில், அந்த அம்மா போட்டிருந்த கோலத்தின் மேல், இரண்டையும் சேர்த்துத் தட்டினேன். அப்புறம் இரண்டு காலையும் தட்டினேன். கொஞ்சம் காய்ந்த தூசி விழுந்தது. அவ்வளவுதான் விழுந்தது, அதை எபியும் பார்த்தான்.

"டேய், அண்ணன் கூடாதுன்னாருடா."

"ஆச்சு" என்றேன்.

கொஞ்ச நாள் கழித்து அந்த அம்மா எங்கள் ஜெப வீட்டுக்கு வந்தார். கண்ணெல்லாம் குழி விழுந்திருந்தது. ஜான்சன் அண்ணனிடம், "அன்னிக்கு வந்த பிள்ளைங்கள அனுப்புங்க" என்றார். வீட்டுக்குள் சேற்றுக் கால் வருகிறதாம். தினம் மத்தியானம் கோவிந்தராசு சாப்பிட்டு உட்காருகிற நேரத்துக்கு. துடைத்தால் மறுநாள் மறுபடி. முதலில் வேலைக்காரப் பெண்ணைச் சந்தேகப்பட்டார்கள், அவள் நின்றுவிட்டாள். பிளம்பர் வந்து மேல் வீட்டு பாத்ரூம் ஒழுகுகிறது என்றான். மேலே வீடே இல்லை, மொட்டை மாடி. கோயிலிலிருந்து ஆள் வந்து தாயத்துக் கட்டினார். அன்றைக்குத் தடம் அவருக்கு இன்னும் கிட்டே வந்ததாம்.

ஷேர் ஆட்டோவில் போகும்போது எபி அண்ணனிடம் நடந்ததைச் சொல்லிவிட்டான். அண்ணன் என்னைத் திட்டவில்லை. "நீ தட்டுனத நீதான் எடுக்கணும்" என்றார். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். வடவாற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மேட்டூர் திறக்கவில்லை. வயலெல்லாம் வெடித்துக் கிடந்த நேரம், அதை மறந்துவிடாதீர்கள்.

உள்ளே போனோம். வாசற்படியிலிருந்து ஹால் வரை கால் தடம். வெள்ளை டைல்ஸில் கறுப்பாக. தெருச் சேறு இல்லை. சாக்கடையும் இல்லை. உழுது தண்ணீர் கட்டின நடவு வயல் சேறு. மெஷின் ஓட்டினவன் நான், எனக்குத் தெரியும். நாற்று வேர் வாசனை அடித்தது. குனிந்து தொட்டேன், குளிர்ந்திருந்தது. வலது காலில் சுண்டுவிரல் இல்லை. அப்பாவுக்கு மண்வெட்டி பட்டுப் போன விரல்.

எனக்குப் பயமாக இல்லை. சொன்னால் என்ன நினைப்பீர்களோ, சந்தோசமாகத்தான் இருந்தது.

கோவிந்தராசு நாற்காலியில் காலை மேலே தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தார். இளைத்துப் போயிருந்தார். ஜான்சன் அண்ணன் ஜெபம் பண்ண ஆரம்பித்தார், நல்ல சத்தமாக. எபி ஆமென் ஆமென் என்றான். நடுவில் ஒரு சத்தம் கேட்டது. சேற்றிலிருந்து காலைப் பிடுங்கினால் ஒரு சத்தம் வருமே, அது. டைல்ஸில் வந்தது. நாங்கள் பார்க்கப் பார்க்க ஒரு தடம் புதிதாக விழுந்தது. நாற்காலியைப் பார்த்து. ஈரம் சுற்றிலும் பரவியது.

அண்ணன் ஜெபத்தை நிறுத்தவில்லை, குரல் மட்டும் உடைந்தது. எபி என் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "தம்பி, சமாதானம் சொல்லு. உன் வாயால சொல்லு."

நான் அவரிடம் சொல்லவில்லை, கோவிந்தராசுவிடம் சொன்னேன். "நீங்க சொல்லுங்க."

"என்னத்தடா சொல்றது. அவன் குடிச்சிருந்தான்."

இன்னொரு தடம்.

"அய்யோ" என்றார் அந்த அம்மா.

"கம்பிக்கு வந்தான்னு ஊரே சொல்லுச்சு. நானா சொன்னேன்?"

இன்னொன்று. இப்போது நாற்காலிக் காலுக்குப் பக்கத்தில். அவர் தொங்கவிட்டிருந்த துண்டு நுனியில் சேறு ஏறியது. மேலே ஏறியது. துண்டை விட்டுவிட்டார்.

"சொல்லித் தொலைங்களேன்!" அந்த அம்மா அழுதார். "எனக்கே தெரியுமே! எங்கிட்டதானே அன்னிக்கு வந்து சொன்னீங்க!"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "நான்தான் அனுப்புனேன். மோட்டார் ஓடல, போய்ப் பாருன்னு நான்தான் சொன்னேன். அவன் வேணாங்கய்யா, ஈரமா இருக்குன்னான். போடான்னேன்."

இது எனக்கே தெரியாது. அப்பா வேணாம் என்று சொன்னது.

ஊரில் இருக்கிற என் அம்மாவுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்து நீட்டினேன். அவர் அத்தனையும் திரும்பச் சொன்னார், போலீஸில் சொன்னது பொய் என்பது வரைக்கும். பின்னால் கோழி சத்தம் கேட்டது. அப்புறம் அம்மா, "இத ஊர்ல வந்து சொல்லுங்க" என்றது. வைத்துவிட்டது.

"வர்றேன்" என்றார் அவர், வைத்த போனைப் பார்த்து.

அதற்கு மேல் தடம் விழவில்லை. ஜான்சன் அண்ணன் என் தோளில் கை வைத்தார். "அவர் சொல்லிட்டாருல்ல. இப்ப நீ சொல்லு. முடிச்சுட்டுப் போவோம்."

எனக்கு வாய் வரவில்லை. வரவில்லை என்று சொல்கிறேனே, வர வைக்கவும் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கிவிட்டேன்.

கோவிந்தராசு ஊருக்கு வந்தார். காரில் வந்தார். டீக்கடை முன்னால் நின்று சொன்னார். பத்து இருபது பேர் கேட்டார்கள். ஒருத்தர் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார். குடித்துவிட்டுப் போனார். எங்கள் வீட்டுக்கு இப்போதும் காப்பர் வீடு என்றுதான் பேர், கேட்டால் பழகிப்போச்சு என்கிறார்கள்.

அந்த வீட்டை அவர்கள் காலி பண்ணிக்கொண்டு கோயம்புத்தூரில் மகன் வீட்டுக்குப் போனார்கள். அந்த அம்மா ஒரு தடவை போன் பண்ணினார். "இங்க ஒன்னும் வரல தம்பி. அவரு நல்லா சாப்புடுறாரு, நல்லா தூங்குறாரு. நீங்க நல்லாருக்கணும்" என்றார்.

பிறகு அங்கே ஒரு பேங்க்காரர் குடி வந்தார். மனைவி மாசமாக இருந்தார். எங்கள் ஊர் எந்தத் திசை என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. வந்த வாரமே அந்த அபார்ட்மென்ட் வாட்ச்மேன் என்னைத் தேடி வந்தான். "தம்பி, மறுபடியும் சேறு" என்றான்.

போனேன். அந்த வாசற்படியில் முழங்கால் போட்டேன். சமாதானம் சொன்னேன், அண்ணன் சொல்லிக்கொடுத்த மாதிரியே. அப்பாவைக் கூப்பிட்டும் சொன்னேன், அந்த ஆள் இங்கே இல்லை, வா போகலாம் என்று. அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தச் சத்தம் வந்தது, ஹாலுக்குள்ளே, அந்தப் பெண்ணைப் பார்த்து.

பயிற்சி முடிந்து இப்போது திருச்சியில் ஊழியம் செய்கிறேன். தினம் எத்தனையோ வாசலில் திட்டு வாங்குகிறேன், சமாதானம் சொல்லிவிட்டு வருகிறேன். எபி கேட்டால் சிரிப்பான், செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டுதான் படி இறங்குகிறேன். தஞ்சாவூர் போனால் அந்த வாட்ச்மேனைப் பார்த்துவிட்டுத்தான் வருவேன். போன வாரமும் பார்த்தேன்.

கோவிந்தராசுக்கு அப்புறம் அந்த வீட்டுக்கு வந்து, இருக்க முடியாமல் போன குடும்பம் நாலு.