பரங்கிமலைக்கு எடுத்த வாடகை சைக்கிள்

பரங்கிமலையைச் சைக்கிளில் சுற்றிப் பார்க்க வேண்டும் என்பது என் வீட்டுக்காரரின் ஆசை. என்னுடையது இல்லை. எனக்குக் கடைத்தெருவில் நடக்கவே கூச்சம். கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. மாம்பலத்தில் ரயில் ரோட்டை ஒட்டி ஒரு ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தோம். அவர் மவுண்ட் ரோட்டில் ஒரு அச்சுக்கூடத்தில் மெஷின் ஓட்டினார். அன்றைக்கு மெஷினில் பல்சக்கரம் உடைந்துவிட்டது என்று ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காலையில் போன மனிதர் உடனே வாசலுக்குத் திரும்பி வந்துவிட்டார். வேலை போய்விட்டதோ என்று நினைத்தேன். அவர் சிரித்துக்கொண்டு நின்றார்.

"கெளம்பு. மலைக்குப் போலாம்."

மின்சார ரயில் வந்த புதுசு. நான் பெண்கள் பெட்டியில் ஏறினேன், அவர் பக்கத்துப் பெட்டியில் ஏறினார். பரங்கிமலையில் இறங்கியதும் ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு தகரக் கொட்டகை. அதில் ஐந்தாறு சைக்கிள்கள் சாய்ந்திருந்தன. முன்னால் ஒரு சாயபு உட்கார்ந்து ட்யூப்பைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் வண்டி கேட்டபோது சாயபு தலையைத் தூக்கவில்லை.

"எந்த ஊரு நைனா?"

"மாம்பலம் பாய்."

"தெரியாத ஆளுக்கு நான் வண்டி குடுக்கறதில்ல. இன்னா வெச்சிட்டுப் போவே? சம்சாரத்த வெச்சிட்டுப் போறியா?"

அங்கே நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. இவர் குனிந்து தம் செருப்பைக் கழற்றி வைத்தார். கல்யாணத்துக்கு வாங்கிய தோல் செருப்பு. சாயபு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இவர் பேரைக் கேட்டார். இவர் சொன்னார். சாயபு என் பக்கம் திரும்பினார்.

"மெய்தானாம்மா? இவன் பேரு அதானா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். சாயபுவுக்கு அது போதுமாயிருந்தது. "நீ புருஷன்தான்டா, சந்தேகமில்ல" என்று சொல்லி ஒரு வண்டியை எடுத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்.

இதை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. புருஷன் பேரைப் பெண்டாட்டி வாயால் சொன்னால் அவன் ஆயுசு குறையும். எங்கள் பக்கத்தில் அப்படித்தான். என் அம்மா கோயிலில் அர்ச்சனைக்குப் பேர் சொல்லவே அடுத்த வீட்டம்மாவைக் கையோடு கூட்டிப்போவாள். பிள்ளை பெற்றவளாக இருந்தால் பிள்ளை பேரைச் சொல்லி, இன்னார் அப்பா என்று கூப்பிட்டுக்கொள்ளலாம். எனக்கு அதுவும் அப்போது இல்லை. "ஏங்க" என்பேன். அதையும் பக்கத்தில் போய்த்தான் சொல்வேன்.

வண்டியைக் கொடுக்கும்போது சாயபு ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னார். "பெல்லு புதுசு. சீமைப் பெல்லு. சும்மா சும்மா அடிச்சினு போவாதே, ஸ்பிரிங்கு பூடும்."

நான் பின்னால் கேரியரில் ஒரு பக்கமாக உட்கார்ந்தேன். அவரைப் பிடிக்கக் கூச்சப்பட்டு ஸீட்டுக்கு அடியில் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அது விரலை நசுக்கியது. பட்டாளத்துக்காரர்கள் இருக்கிற பக்கம். ரோடெல்லாம் பெரிய பெரிய மரம், வெள்ளை பங்களா, கவாத்து மைதானம். போலீஸ்காரர் தலை தெரிந்தால் நான் குதித்து இறங்கி, யாரோ போல நடப்பேன். இரண்டு பேர் போனால் பிடிப்பார்கள். திருப்பத்தில் பிள்ளைகள் "டபுள்ஸு டோய், டபுள்ஸு!" என்று கத்திக்கொண்டு துரத்தி வந்தன. அவருக்கு அதெல்லாம் சந்தோஷம். எனக்கு எப்போது வீட்டுக்குப் போவோம் என்று இருந்தது.

மலைமேல் இருக்கும் மாதா கோயிலுக்கு வண்டியோடு ஏற முடியாது. "பின்னாடி சுத்திப் போலாம், பல்லாவரம் பக்கம் ஒரு தடம் போவுதாம்" என்றார். ரோடு முடிந்து மண் தடம் வந்தது. பிறகு அதுவும் கல்லும் முள்ளுமாக ஆயிற்று. இறங்கித் தள்ளிக்கொண்டு போனோம். அவருக்கு வெறுங்கால். ஆனி மாத வெயில். ஒரு மேட்டின்மேல் போய் நின்றதும் கீழே மலையைப் பாதி வெட்டித் தின்றாற்போல ஒரு பெரிய கல்குவாரி தெரிந்தது. அடியில் ஆட்கள் சின்னதாக நடமாடினார்கள். குவாரியின் சரிவில், கல்லுக்கு இடையே களாச்செடிகள் புதர் புதராக நின்றன. அவற்றில் களாக்காய் கறுத்துப் பழுத்திருந்தது.

நான் ஒன்றும் கேட்கவில்லை. பார்த்தேன், அவ்வளவுதான். அவர் நான் பார்த்ததைப் பார்த்துவிட்டார்.

"வண்டியப் புடிச்சிக்கினு நில்லு. எவனாச்சும் தூக்கிகினு பூடுவான், செருப்பும் போச்சு மானமும் போச்சு. வுட்டுட்டு எங்கியும் நவுராதே." சொல்லிவிட்டுச் சரிவில் இறங்கினார். கொஞ்ச தூரம் அவர் தலை தெரிந்தது. பிறகு ஒரு பாறைக்குப் பின்னால் போனார். அதற்கப்புறம் தெரியவில்லை.

சற்றைக்கெல்லாம் கீழே இருந்து கொம்பு ஊதுகிற சத்தம் கேட்டது. ஆட்கள் கூடையையும் சம்மட்டியையும் போட்டுவிட்டு எதிர்ப்பக்கம் ஓடினார்கள். ஒரு ஆள் சிவப்புத் துணியை ஆட்டிக்கொண்டு, "வேட்டு! வேட்டேய்!" என்று நீட்டிக் கத்தினான். எனக்கு முதலில் புரியவில்லை. கல் உடைக்கிற பொம்பிளை ஒருத்தி குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு என் பக்கமாக மூச்சிரைக்க ஏறி வந்தாள்.

"இங்க இன்னாமே நின்னுகினுகீற? பாறைக்கு வேட்டு வெக்கறாங்க. கல்லு இது வரிக்கும் வரும். ஓடு!"

"அவங்க கீழ இருக்காங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. கையை நீட்டிக் களாப் புதரைக் காட்டினேன்.

அவள் எட்டிப் பார்த்தாள். "அய்யய்யோ. அங்கியா? அதுக்கு நேர் அடியிலதானே குழி போட்டுகீறாங்க! கூப்டு, கூப்டுமே!"

"ஏங்க" என்றேன். பிறகு பலமாகக் கூப்பிட்டேன். பலமாக என்று நான்தான் நினைத்தேன். காற்று அதை என் முந்தானையைத் தாண்டவிடவில்லை. அவள் குழந்தையை இறக்கிவிட்டு வாயில் இரண்டு கையையும் குவித்துக் கத்தினாள். "யோவ்! புதர்ல கீறவரே! மேல வாய்யா!" கீழே ஆட்களும் ஒருத்தரை ஒருத்தர் யோவ் யோவ் என்று கூப்பிட்டுக்கொண்டுதான் ஓடினார்கள். ஒரே கூச்சல். அச்சுக்கூடத்து மெஷின் பக்கத்திலேயே நின்று பழகிய காது அவருடையது. பத்துப் பேர் கத்துவதில் தம்மைக் கூப்பிடுகிறார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

"பேர் சொல்லிக் கூவுமே!"

பேர் தொண்டை வரைக்கும் வந்தது. சொன்னால் ஆயுசு குறையும். சொல்லாவிட்டால் இப்போதே போய்விடும். இரண்டும் எனக்குத் தெரிந்துதான் நின்றேன். ஒன்றைப் பிடித்து ஒன்றை விட முடியவில்லை.

"சரி, எங்கிட்ட சொல்லு. நான் கூவறேன். அவரு பேரு இன்னா?"

அதுவும் முடியவில்லை. மலைமேல் இருக்கிற சாமி என்று கையைக் காட்டினேன். பொம்பிளைகளுக்குள் அப்படித்தான் பேர் சொல்லிக்கொள்வோம். அவளும் பொம்பிளைதானே, சட்டென்று பிடித்துக்கொண்டாள். மயில்மேல் ஏறுகிற அந்தச் சாமிக்கு எத்தனை பேர் உண்டோ அத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கூவினாள். கீழே அந்தப் பேர்க்காரர்கள் இருந்தார்கள். "இன்னாக்கா?" என்று ஒரு குரல். "நான் இங்க கீறேன்க்கா!" என்று இன்னொரு குரல். புதரிலிருந்து மட்டும் பதில் இல்லை. நான் நினைத்தது ஏழு மலைமேல் இருக்கிற சாமியை; அவள் சொன்ன பேர்களில் இவர் பேர் வரவே இல்லை.

சிவப்புத் துணிக்காரன் குனிந்தான். மறுபடி நிமிர்ந்து கடைசிக் குரல் கொடுத்தான். அவன் காலடியில் மெல்லிசாகப் புகை கிளம்புவதைப் பார்த்தேன். பற்ற வைத்த பிறகு அவனும் ஓடினான்.

"பத்த வெச்சிட்டான்" என்றாள் அவள். பிள்ளையை வாரிக்கொண்டு என் தோளைப் பிடித்து இழுத்தாள். நான் வரவில்லை. என் கை சைக்கிளை விடவில்லை. விடாதே என்று அவர் சொன்னதுதான் அப்போது என் தலையில் ஓடிற்று. எவனாவது தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்று சொன்னாரே, அது.

பெல்லின் மேல் கட்டைவிரலை வைத்து அமுக்கினேன். அதற்கு முன்னால் சைக்கிள் பெல்லை நான் தொட்டதில்லை. கிணிங் என்று ஒரு சத்தம் வந்தது. பிறகு நான் நிறுத்தவே இல்லை. விரல் வலித்தது, மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டேன். வண்டியோடு சரிவின் விளிம்புக்கே போய்விட்டேன். அந்தச் சீமைப் பெல் ஊரைக் கூட்டியது. மனிதர் கூச்சலுக்குமேல் அது தனியாகக் கேட்டது.

பாறைக்குப் பின்னாலிருந்து அவர் தலை வந்தது.

மேலே பார்த்தார். பார்த்ததும் ஏறத் தொடங்கினார். சட்டையின் முன்பக்கத்தை மடித்துக் களாக்காயைக் கட்டிப் பிடித்திருந்தார். வெறுங்காலுக்குக் கூரான கல். இரண்டு தடவை வழுக்கி முட்டியில் விழுந்தார். எனக்கு எதிரே அவர் முகம் கோபமாக வந்துகொண்டிருந்தது. நான் பெல்லை அடித்துக்கொண்டே இருந்தேன்.

"எவன்டா வண்டியத் தொட்டவன்? இன்னா, எவன் தொட்டான்?"

அவர் விளிம்பில் கை வைத்ததும் அந்தப் பொம்பிளை சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். மூன்று பேருமாகச் சைக்கிளோடு மேட்டுக்கு அந்தப்பக்கம் உருண்டோம். அப்போது வெடித்தது. தரை எங்களைத் தூக்கிப் போட்டது. வானத்திலிருந்து கல் பொழிந்தது. பெரிய கல், சின்னக் கல், பிறகு தூள். ஒரு கல் என் பின்னலை ஒட்டி விழுந்தது. சத்தம் அடங்கினதும் குழந்தை வீறிட்டு அழுதது.

அவர் எழுந்து போய் விளிம்பில் நின்று பார்த்தார். நானும் பார்த்தேன். அந்தச் சரிவு அங்கே இல்லை. பாறையும் இல்லை, புதரும் இல்லை. அவர் சட்டையைப் பிடித்திருந்த கை தானாகத் தளர்ந்து களாக்காயெல்லாம் மண்ணில் கொட்டிற்று.

பொம்பிளை பிள்ளையைத் தட்டிக்கொண்டே என்னைத் திட்டினாள். "வாய்ல இன்னா கொழுக்கட்டையா வெச்சிகினுகீற? பேரச் சொல்லிக் கூப்டத் தெரியல, பெல்லடிக்கத் தெரியுது." பிறகு அவரைப் பார்த்து, "இவள வெச்சி நீ எப்படிய்யா குடும்பம் நடத்துவே?" என்றாள். அவர் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

திரும்பும்போது நான் ஏறவில்லை, அவரும் ஏறச் சொல்லவில்லை. தள்ளிக்கொண்டே நடந்தோம். அவர் காலில் ரத்தம். பங்களாக்கள் வந்த பிறகு கேட்டார்.

"சொன்னா இன்னா ஆவும்?"

"ஆயுசு…" என்றேன். மேலே வரவில்லை.

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு என் பக்கத்திலேயே நடந்தார்.

கொட்டகையில் சாயபு வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மட்கார்டில் இருந்த மண்ணைத் துணியால் துடைத்தார். பெல்லை அமுக்கினார். டக்கென்று ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான். மறுபடி அமுக்கினார். அதுவும் வரவில்லை.

"அரே, ஸ்பிரிங்கு போச்சே! படிச்சுப் படிச்சு சொன்னேனே. எந்தப் பசங்க கையில குடுத்தே?"

"பசங்க இல்ல பாய்."

"பின்ன?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. செருப்புக்காகக் கையை நீட்டிக்கொண்டே சொன்னார்.

"வூட்ல என்னெக் கூப்ட்டாங்க."

சாயபு என்னைப் பார்த்தார், இவர் காலைப் பார்த்தார். பிறகு செருப்பை எடுத்துத் துடைத்து, இவர் காலுக்குப் பக்கத்திலேயே வைத்தார்.