பெரிய டிரம்மும் என் இடது காலும்

ஆட்டுத்தோல் வெயிலில் காயும்போது ஒரு வாசம் வரும். கறிக்கடை வாசமும் இல்லை, செருப்புக்கடை வாசமும் இல்லை. இரண்டுக்கும் நடுவில், லேசாகத் தீய்ந்த மாதிரி, மூக்கின் மேல்பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளும். சேலத்தில் நான் படித்த பெண்கள் பள்ளியில் பேண்டுப் பயிற்சி அந்த வாசத்தோடுதான் தொடங்கும். பெரிய டிரம்மைத் தூக்கி வந்து, தோல் வெயிலைப் பார்க்கும்படி கொடிமேடையில் சாய்த்து வைத்துவிட்டு, அது சூடேறி இறுகி, விரலால் சுண்டினால் ‘டங்’கென்று பதில் சொல்லும்வரை நாற்பது பெண்கள் வரிசையில் அசையாமல் நிற்போம். டிரம் காய்ந்ததா என்று பார்ப்பார்களே தவிர, நாங்கள் காய்ந்துவிட்டோமா என்று ஒருவரும் பார்த்ததில்லை.

எங்கள் பேண்டு மாஸ்டர் பட்டாளத்து பேண்டிலிருந்து ஓய்வுபெற்று வந்தவர். அவர் யாரையும் அடித்ததில்லை. அதைப் பெற்றோர்கள் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வார்கள். அவரிடம் இருந்தது ‘கூட்டு ரவுண்டு’. ஒருத்தி தப்புச் செய்தால் அவளுக்குத் தண்டனை கிடையாது. மைதானத்தின் நடுவில் அவள் நின்று டிரம் அடிக்க வேண்டும், அந்த அடிக்கு மற்ற முப்பத்தொன்பது பேரும் உச்சி வெயிலில் சுற்றிச் சுற்றி ஓட வேண்டும். ஓடி முடித்து, நாக்கு வெளியே தள்ள உடைமாற்றும் அறைக்கு வந்ததும், மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்வோம். தொடையில் கிள்ளு, ஷூவுக்குள் தண்ணீர், சோற்று டப்பாவில் மண். மாஸ்டர் எதற்குக் கையை நீட்ட வேண்டும்? அதற்குத்தான் நாங்கள் இத்தனை பேர் இருந்தோமே!

பேண்டில் நடந்து பழகாதவர்களுக்கு ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் செய்தது புரியாது. பெரிய டிரம்மில் அடி விழும்போது எல்லோருடைய இடது காலும் தரையில் இருக்க வேண்டும். டிரம் அடிப்பவள் என்றைக்காவது ஓர் அடி தவறவிட்டு, அவசரத்தில் மறுபடி பிடித்தால், அடி எங்கள் வலது காலில் விழத் தொடங்கிவிடும். அப்போது மொத்த பேண்டும் ஒரு குட்டித் துள்ளல் துள்ளி, காலை மாற்றி, டிரம்மோடு சேர்ந்துகொள்ள வேண்டும். கண்ணிமைக்கிற நேரம்தான், பார்ப்பவர்களுக்குத் தெரியவே தெரியாது. “டிரம்மு தப்புனாலும் டிரம்முதான் சரி. காலுதான் மாறணும்” என்று மாஸ்டர் தினமும் காது புளிக்கச் சொல்லுவார். தப்பை நாற்பது பேரும் சேர்ந்து செய்தால் தப்பே இல்லை என்பதுதான் அதற்கு அர்த்தம்.

நான் சைடு டிரம். முதல் வரிசை, வலது ஓரம். அந்த இடத்தில் நிற்பவளுக்கு ‘ரைட் மார்க்கர்’ என்று பெயர். அவளுக்குப் பின்னால் வருகிறவர்கள் அவள் குதிகாலைப் பார்த்துத்தான் நடப்பார்கள். சின்ன வயதில் எங்கள் கோயில் தேர்பவனியில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பேண்டைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு ஒரே ஆசை. எல்லோருக்கும் முன்னால், வெள்ளிப்பூண் போட்ட மேஜர் கோலைச் சுழற்றிக்கொண்டு நடக்க வேண்டும். எங்கள் பள்ளியில் போட்டி முடிந்த மறுவாரம், பத்தாம் வகுப்பு மேஜர் அக்கா அந்தக் கோலை ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்திக்குக் கைமாற்றிக் கொடுப்பது வழக்கம். அந்த வருஷம் அது ரோஸிக்குத்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். ரோஸி நான்தான். ரோஸியும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள்.

கௌசல்யா எட்டாம் வகுப்பில் விடுதிக்கு வந்து சேர்ந்தாள். திருச்செங்கோட்டுப் பக்கம் ஊர். அப்பா ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டியோடு வடக்கே போனால் வர மாதக்கணக்காகும், அம்மாதான் காடு தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் நாள் எங்கள் பெஞ்சுக்கு வந்து, “ஏனுங்க, இங்க உக்காரலாமுங்களா?” என்று கேட்டாள். கூடப் படிக்கிற பெண்களைப் போய் ‘ங்க’ போட்டு! வயிறு வலிக்கச் சிரித்தோம். வீட்டை அவள் ‘ஊடு’ என்பாள். அதற்கு ஒரு சிரிப்பு. அன்றிலிருந்து அவள் பெயரே ‘ஏனுங்க’ ஆகிப்போனது. கூப்பிட்டால் அதற்கும் சிரித்த முகத்தோடு திரும்பிப் பார்ப்பாள், மக்கு.

அகன்ற தோளைப் பார்த்து மாஸ்டர் பெரிய டிரம்மை அவள் கழுத்தில் மாட்டினார். அதோடு என் நிம்மதி போனது. அவள் அடித்தால் நடப்பதற்கு நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. கால் தானாக எழும்பும், தானாக விழும். பக்கத்துத் தெருவில் காய்கறி விற்கிறவர்கூட வண்டியை அந்த அடிக்குத் தள்ளிக்கொண்டு போவார். ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் மாஸ்டர் மேஜர் அக்காவிடம், “அடுத்த வருஷம் கோல இவ கையில குடுத்தா என்ன?” என்று கேட்டது என் காதில் விழுந்தது. ஊடு, ஊடு என்று பேசுகிறவள் எனக்கு முன்னால் நடப்பாளா?

போட்டி நாமக்கல்லில். அதற்கு முந்தின நாள் மாலை, டிரம்மைக் காய வைத்துக்கொண்டு நானும் அவளும் மட்டும் கொடிமேடையில் உட்கார்ந்திருந்தோம். அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். “எங்கப்பன் சொல்லிப்போட்டாருங்க. கப்பு வாங்குனா பன்னெண்டாவது வரைக்கும் சேலத்துலயே படிச்சுக்க, இல்லீன்னா டிரம்மு கிரம்மெல்லாம் போதும், ஊட்டுக்கு வந்துருன்னு.” பிறகு, போட்டிக்கென்று புதிதாகக் கொடுத்திருந்த வெள்ளைக் கையுறையை மாட்டிக் காட்டினாள். “இதப் போட்டா கட்டை வழுக்குதுங்க ரோஸி. நீங்க ஒரு வார்த்த மாஸ்டர்கிட்டச் சொல்லுங்களேன், நீங்க சொன்னாக் கேப்பாரு.” சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன், மறக்கவெல்லாம் இல்லை.

மறுநாள் மைதானம் முழுக்கத் தலைகள். பந்தலுக்குக் கீழே மேஜை போட்டு நடுவர்கள். எங்கள் முறை வந்தது. முதல் சுற்று பிசிறில்லாமல் போனது. பந்தலுக்கு நேரே வந்து வலது பக்கம் திரும்ப வேண்டிய இடத்துக்குப் பத்தடி முன்னால், பின்னாலிருந்து ஓர் அடி வரவில்லை. கையுறைக்குள் கட்டை நழுவியிருக்கிறது. உடனே பிடித்துவிட்டாள், அடுத்த அடி வந்துவிட்டது. ஆனால் அது எங்கள் வலது காலில் விழுந்தது.

எனக்குக் கேட்டது. சத்தியமாகக் கேட்டது. ஒரு துள்ளல் துள்ளியிருந்தால் போதும், பின்னால் வருகிறவர்களும் மாறியிருப்பார்கள், பந்தலில் இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது, கப்பு வந்திருக்கும், கௌசல்யா சேலத்தில் இருந்திருப்பாள், கோல் அவள் கைக்குப் போயிருக்கும். இது அத்தனையும் அந்த ஒரு நொடியில் எனக்குத் தோன்றியது. பதினான்கு வயதுப் பெண்ணுக்கு இவ்வளவு யோசிக்க வருமா என்று கேட்காதீர்கள், வரும். நான் காலை மாற்றவில்லை. நெஞ்சை நிமிர்த்தி, கையை அளவாக உயர்த்தி, பழைய காலிலேயே நேராக நடந்தேன். அத்தனை அழகாக நான் அதற்கு முன்பும் நடந்ததில்லை, பின்பும் நடந்ததில்லை.

என் குதிகாலைப் பார்த்து வந்தவர்கள் என்னோடு வந்தார்கள். இடது பக்கத்தார் டிரம்மோடு போனார்கள். திரும்புகிற இடத்தில் இரண்டு பாதியும் மோதிக்கொண்டன. சிம்பல் வைத்திருந்தவள் முட்டி தேய விழுந்தாள், அவள் மேல் இன்னொருத்தி விழுந்தாள், பின்னால் வந்த கொடிக்காரிகளின் கொடிகள் ஒன்றோடொன்று சுற்றிக்கொண்டன. கூட்டம் ஓவென்று சிரித்தது. விசில் வேறு. எல்லோர் காதிலும் விழுந்திருந்தது டிரம்மின் தவறு. என் காலை யார் பார்த்தார்கள்?

திரும்பி வரும்போது பஸ்ஸில் டிரம்மை அவள் மடியிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அவள் முகம் அதற்குப் பின்னால் மறைந்துபோனது. ராசிபுரத்தில் நிறுத்தி எல்லோருக்கும் டீயும் பன்னும் கொடுத்தார்கள். அவளுடைய பன்னை நான் வாங்கி, முட்டி தேய்ந்தவளிடம் கொடுத்தேன். பஸ் கிளம்பியதும் மெல்ல ஆரம்பித்தேன். “ஏனுங்க... ஏனுங்க... கப்பு எங்கங்க?” மார்ச் அடிக்குப் பொருந்துகிற மாதிரி. இரண்டு நிமிஷத்தில் மொத்த பஸ்ஸும் பாடியது. மாஸ்டர் முன் சீட்டில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்த வாரம் முழுக்கக் கூட்டு ரவுண்டு. கௌசல்யா நடுவில் நின்று அடித்தாள். ஓர் அடி, ஒரே ஓர் அடி தவறவில்லை. ஓடிக்கொண்டே அவளைக் கடக்கும்போதெல்லாம் என் பாட்டை நாங்கள் பாடினோம். அவள் உள்ளங்கையில் கொப்புளம் கிளம்பி, நான்காம் நாள் அது உடைந்து, டிரம் தோலின் ஓரத்தில் ரத்தம் தீற்றியிருந்தது. அதையும் அப்படியே வெயிலில் காய வைத்தோம்.

வெள்ளிக்கிழமை அவள் அப்பா வந்தார். வடக்கேயிருந்து நேராக வந்திருப்பார்போல, சட்டையெல்லாம் வெள்ளைப் பாறைத்தூள். தலைமையாசிரியை மதரின் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, “எம்பட புள்ளையால பள்ளிக்கோடத்துக்குக் கெட்ட பேராப் போச்சுங்க, மன்னிச்சுக்குங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டார். அந்த மனிதர் கும்பிட்டதை நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். கௌசல்யா தகரப் பெட்டியோடு மைதானத்துக்கு வந்து ஒவ்வொருத்தியிடமும் “வாரேனுங்க” என்றாள். ஒவ்வொருத்தியும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என்னிடம் மட்டும் கூட ஒரு வரி. “டிரம்மக் காய வெக்க மறந்துராதீங்க ரோஸி.”

திங்கட்கிழமை மாஸ்டர் என்னை வாத்திய அறைக்குக் கூப்பிட்டார்.

“டிரம்மு மாறுனது உன் காதுல விழுந்துச்சா, இல்லியா?”

“விழுந்துச்சு சார்.”

“தெரியும். நான் உன் காலத்தான் பாத்துட்டிருந்தேன்.”

பேண்டிலிருந்தே துரத்தப்போகிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் திரும்பி அலமாரியைத் திறந்து, கோலை எடுத்து, பூணைத் தன் கைக்குட்டையால் துடைத்து என் கையில் கொடுத்தார். “முன்னால நடக்கறவளுக்கு இந்த நெஞ்சழுத்தம் வேணும்” என்றார். வெட்கமாக இருந்தது என்று இந்த இடத்தில் எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். வெட்கமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. சந்தோஷமாக இருந்தது. அடுத்த வருஷம் முழுக்கச் சுழற்றினேன்.

போன மாதம் அயோத்தியாப்பட்டணம் தாண்டி ஒரு கல்லூரி அரங்கில் பள்ளிகளுக்கான பேண்டுப் போட்டி. இப்போதெல்லாம் போட்டி கூரைக்குக் கீழே, ஏசிக் குளிரில், பளபளக்கும் தரையில் நடக்கிறது; கொடிப் பெண்களுக்குப் பட்டுத்துணிக் கொடி, வண்ண விளக்கு. என் மகள் அவள் பள்ளியில் பெரிய டிரம் அடிக்கிறாள். பிளாஸ்டிக் தோல். அதை வெயிலில் காட்ட வேண்டியதில்லை, அதற்கு வாசமும் இல்லை. பெற்றோர்கள் ஆளுக்கொரு போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தங்கள் பிள்ளையின் ஒவ்வோர் அடியையும் படம் பிடிக்கிறார்கள். நாங்கள் நடந்த அந்த நாமக்கல் மைதானத்தில் ஒரு போன்கூட இருந்ததில்லை. நான் பிழைத்தது அதனால்தான்.

“ஏனுங்க, ரோஸிங்களா?”

இருபத்தைந்து வருஷம் கழித்தும் அந்தக் குரல் யாருடையது என்று திரும்பாமலே தெரிந்தது. கௌசல்யாதான். தோள் அப்படியே இருந்தது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, நல்லாயிருக்கீங்களா, எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்தாள். அப்பா சொன்னபடியே ஊருக்கு அழைத்துப்போய்விட்டாராம். பத்தாவதோடு படிப்பு நின்றதாம். அவள் மகளும் என் மகள் படிக்கிற பள்ளியில்தான், கொடி பிடிக்கிறாளாம்.

“டிரம்முக்குத்தான் கேட்டாங்க. நான் உடலீங்க. எம்பட கையி ராசியில்லாத கையி, அது எதுக்குப் புள்ளைக்குன்னுட்டு.” என் கையை இன்னும் இறுகப் பிடித்தாள். “ரொம்ப நாளா உங்ககிட்டக் கேக்கோணும்னு இருந்தேனுங்க. அன்னிக்கு என்னாலதான் உங்க எல்லார்த்துக்கும் கப்பு போச்சு. மனசுல வெச்சுக்காதீங்க சாமி.”

சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அரங்கின் நடுவில் என் மகள் டிரம்மைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எங்கள் பக்கம் பார்த்துக் கையசைத்தாள். நான் கௌசல்யாவின் கையைத் தட்டிக் கொடுத்து, “அதெல்லாம் எப்பவோ மறந்தாச்சு, விடு” என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். பெரிய மனசுங்க உங்களுக்கு என்றாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது மகள் கேட்டாள், யாரும்மா அந்த ஆன்ட்டி என்று.

“எங்க பேண்டுல பெரிய டிரம் அடிச்சவங்க.”

“நல்லா அடிப்பாங்களா?”

வண்டியை ஓட்டியபடி சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். “நல்லாத்தான் அடிப்பாங்க. ஒரு தடவை தப்பு விட்டாங்க. எங்களுக்குக் கப்பு போனதே அதனாலதான்.”